ரூட்டருக்கு இரண்டு சாவி

தென்வைகை மக்கள் கூட்டுறவு வங்கியில் யாரையும் நம்புவதில்லை என்பது ஒரு கொள்கை. திருடனைப் பற்றி வங்கிக்கு அவ்வளவு கவலை கிடையாது. அவன் எப்போதாவது வருகிறவன். தினமும் வருகிறவர்கள் ஊழியர்கள்தானே. அதனால் அங்கே எந்தப் பூட்டுக்கும் இரண்டு சாவி. ஒன்று ஒருவரிடம் இருக்கும், மற்றது அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத இன்னொருவரிடம் இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து நின்று திருப்பினால்தான் திறக்கும், மூடுவதும் அப்படியே. பணப் பெட்டகத்துக்கு ஏற்பட்ட இந்த வழக்கம் நாளடைவில் காசோலைப் புத்தக அலமாரிக்கும், பிறகு குண்டூசி அலமாரிக்கும், கடைசியில் மாடிக் கழிப்பறைக்கும் வந்து சேர்ந்தது. அவசரத்துக்கு இரண்டு பேரைத் தேடிப் பிடிக்க முடியாதவர்கள் எதிரே இருந்த ஹோட்டலுக்குப் போய் வந்தார்கள்.

திருநகரில் குடியிருந்த சீதாலட்சுமி இந்த வங்கியின் தலைமை அலுவலகத்தில் கணக்கு நேர்செய்யும் பிரிவில் இருந்தாள். திருவாதவூர்க் கிளை அனுப்பிவிட்டேன் என்று சொல்லும் தொகை டி. கல்லுப்பட்டிக் கிளைக்கு வந்து சேர்ந்திருக்காது. இரண்டு கிளை மேலாளர்களும் போனில் சத்தியம் செய்வார்கள். அந்தத் தொகை நடுவழியில் எந்தத் தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தேடிப் பிடிப்பது அவள் வேலை. அலுப்புப் பிடித்த வேலை என்பதால் வேறு யாரும் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டதில்லை.

அது 2007. அவள் மூன்றாம் முறையாக உண்டாகியிருந்தாள். முந்தைய இரண்டும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்தத் தடவை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: படுக்கையை விட்டு எழக் கூடாது, பஸ்ஸைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. ஆனால் அவள் கணக்கிலிருந்த விடுப்பெல்லாம் முந்தைய இரண்டு தடவையிலேயே கரைந்திருந்தது. இனியும் வராமல் இருந்தால் வேலையை விட்டதாகக் கருதப்படும் என்றது வங்கி விதி. வேலையை விட்டுத் தொலை, குழந்தை தங்கட்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். வேலையையும் விட மாட்டேன், குழந்தையையும் விட மாட்டேன் என்றாள் சீதாலட்சுமி. இரண்டில் ஒன்றைப் பொறுக்கி எடு என்று தன்னிடம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பது அவள் கட்சி.

அந்தச் சமயம் பார்த்து வங்கியின் பொது மேலாளர் அனந்தபத்மநாபன் பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தவர், விழித்த நேரத்தில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு ஊர் திரும்பி, ‘இல்லமே அலுவலகம்’ என்ற திட்டத்தைப் பத்திரிகையில் அறிவித்துவிட்டார். அறிவித்த பிறகுதான் அதற்கு ஓர் ஊழியர் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. சுற்றறிக்கை போனது. வீட்டிலிருந்து வேலை செய்தால் தாங்கள் எவ்வளவு வேலை செய்கிறோம் என்று வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். விண்ணப்பித்தது சீதாலட்சுமி ஒருத்திதான்.

வங்கி ஒரு லேப்டாப்பைக் கொடுத்தது. ஹாலில் டெலிபோன் பக்கத்தில் இன்டர்நெட் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அதை உள்ளறைக் கட்டில் வரைக்கும் கொண்டுவர ஒரு ரூட்டர்தான் பாக்கி. அவள் கணவன் ராஜகுரு, விளக்குத்தூண் பக்கம் ஒரு நூல் கடையில் வேலை பார்ப்பவன், டவுன்ஹால் ரோட்டில் விசாரித்துவிட்டு வந்து, நாளைக்கே வாங்கி மாட்டிவிடலாம் என்றான். பாவம், அவன் வங்கியில் வேலை பார்த்தவனில்லை.

வங்கிக் கணக்கு போய்வருகிற கருவியை வங்கிதான் தேர்ந்தெடுக்கும் என்று பதில் வந்தது. ரூட்டர் தேர்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் கைலாசநாதன், சொத்துப் பாதுகாப்பு அதிகாரி. வேலையில் சேர்ந்த நாள் முதல் பெட்டகம் மட்டுமே வாங்கிவந்த மனிதர். சீதாலட்சுமி படுத்த படுக்கையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு அவளையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

“ஏம்மா, இந்த ரூட்டர் எதுக்கு?” என்று தொடங்கினார் கைலாசநாதன்.

“நெட் லைன் ஹால்ல இருக்கு சார். நான் உள் ரூம்ல படுத்திருக்கேன். ரூட்டர் இருந்தா ஒயர் இல்லாமலே என் லேப்டாப்புக்கு லைன் வந்துரும். பாஸ்வேர்டு போட்டு நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள வந்து வேலை பாப்பேன்.”

“அப்ப வங்கிக் கணக்கெல்லாம் இதுக்குள்ள இருக்கும்.”

“இருக்காது சார். இது வழியாப் போகும், வரும்.”

“போறப்ப உள்ள இருக்குமா, இருக்காதா?”

“போறப்ப இருக்கும்.”

“பாத்தீங்களா,” என்று கைலாசநாதன் குழுவினரிடம் சொல்வது கேட்டது. “வங்கிக் கணக்கு எதுக்குள்ள இருக்கோ அது பெட்டகம். அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. இனி நமக்கு வேலை சுலபம். நான் வாங்குன பெட்டகம் ஒண்ணைக்கூட இதுவரைக்கும் எந்தத் திருடனும் திறந்ததில்லை. பல பெட்டகத்தை எங்களாலயே திறக்க முடியல. அம்புட்டு உறுதி.”

பெட்டகம் வாங்கப் பயன்படுத்திய பழைய தர விதிகளே ரூட்டருக்கும் எடுக்கப்பட்டன. தீப்பிடிக்கக் கூடாது, கடப்பாரைக்கு அசையக் கூடாது, தனி ஆளால் தூக்க முடியக் கூடாது. கடைக்காரர்கள் நான்கு பேர் மாதிரி கொண்டுவந்திருந்தார்கள். சோதனை நடந்ததைச் சீதாலட்சுமி போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்தது. பிறகு குழு மொத்தமும் இருமியது. முதல் ரூட்டர் உருகிவிட்டதாகக் குறிப்பு எழுதப்பட்டது. இரண்டாவது, கடப்பாரையைக் கண்டதுமே உடைந்ததாக எழுதினார்கள். மூன்றாவதைக் கைலாசநாதன் ஒரே கையால் தூக்கிக் காட்டி, “நானே தூக்கிட்டேன், திருடன் தூக்க மாட்டானா?” என்று கேட்டார். நான்காவது கடைக்காரர் இந்தக் கூத்தை வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டுப் பெட்டியோடு ஓடிப்போனார். எந்தக் குறையும் கண்டுபிடிக்கப்படாத ஒரே ரூட்டர் என்ற முறையில் அவருடையதே தேர்வு பெற்றது. ஆள் அனுப்பி அவரைப் பிடித்துவந்து ஆணையைக் கையில் கொடுத்தார்கள்.

ஆனாலும் எடை விஷயம் உறுத்தியது. புளி உருண்டை கனம்கூட இல்லாத சாமானை எந்த மனசாட்சியோடு பெட்டகம் என்று ஏற்பது? இரண்டு நாள் யோசித்த குழு வழி கண்டுபிடித்தது. ரூட்டரை ஒரு பெட்டகத்துக்குள் வைத்துவிட்டால், ரூட்டரும் பெட்டகமும் சேர்ந்து எல்லாத் தகுதியும் பெற்றுவிடும். டி. கல்லுப்பட்டிக் கிளையில் சும்மா கிடந்த ஆளுயர இரும்புப் பெட்டகம் லாரியில் திருநகருக்கு வந்தது.

அதை உள்ளே கொண்டுவர ராஜகுரு கதவைக் கழற்றிக் கொடுத்தான். கட்டிலை ஒட்டி, சீதாலட்சுமி படுத்தபடியே கை நீட்டினால் சாவி போட முடிகிற தூரத்தில் நிறுத்தினார்கள். கைலாசநாதன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, குழு தீர்மானம் போட்டுப் பெட்டகத்தின் முதுகில் துளைக்க அனுமதித்த ஒயர் சந்து வழியாக இணைப்புக் கொடுத்து, ரூட்டரை நடுத் தட்டில் உட்கார வைத்துக் கதவை மூடினார். முதல் சாவி சீதாலட்சுமிக்கு. இரண்டாம் சாவி எழுத்தர் விருமாண்டிக்கு. இரண்டையும் திருப்பினார்கள். லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை.

“சிக்னல் வரல சார்,” என்றாள்.

“வரக் கூடாதும்மா. அதுக்குத்தானே பெட்டகம்.”

பொது மேலாளர் வரைக்கும் போய் இதற்கும் முடிவு வந்தது. வேலை நேரத்தில் பெட்டகக் கதவு திறந்திருக்கலாம். ஆனால் திறந்த பெட்டகத்தின் அருகே இரண்டு சாவிக்காரர்களும் இருந்தாக வேண்டும். ஆகவே சீதாலட்சுமி வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக, விருமாண்டி தினமும் தன் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு வேலைக்கு வந்தான்.

விருமாண்டி கூச்ச சுபாவம் உள்ளவன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான். “அக்கா, நான் செவத்தப் பாத்துத்தான் இருக்கேன். நீங்க பாட்டுக்கு இருங்க,” என்றான். வேறு வேலை இல்லாததால் சுவரில் இருந்த வெடிப்பெல்லாம் அவனுக்கு மனப்பாடம் ஆயிற்று. மழை வந்தால் ஒழுகப் போகிற இடத்தைக்கூட ராஜகுருவுக்குக் காட்டிக் கொடுத்தான்.

எப்படியோ வேலை நடந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே நடந்தது. இடப்பக்கம் சாய்ந்து படுத்தபடியே காணாமல் போன தொகைகளை ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்து இழுத்துவந்து உரிய கிளையில் சேர்த்தாள் சீதாலட்சுமி. ஐந்தாம் மாதம் தாண்டியது. அன்றைக்கு அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். விருமாண்டி சுவரைப் பார்த்தபடியே, “தண்ணி வேணுமாக்கா?” என்று கேட்டான்.

வேலை நடக்கிறது என்று தெரிந்ததும் கைலாசநாதனுக்கு நிம்மதி போயிற்று. ஆய்வுக்கு வந்தார்.

வந்த நேரத்தில் ராஜகுரு மனைவிக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தான். அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்களுக்குள் பேச்சு சௌராஷ்டிரத்தில்தான். அவன் ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கைலாசநாதன் முகம் இறுகிவிட்டது.

“இப்ப என்ன பேசுனீங்க?”

“ரசம் ஊத்தவான்னு கேட்டேன் சார்,” என்றான் ராஜகுரு.

“அதுக்கு அவங்க?”

“நேத்து ரசம்தானே, வேணாம்னாங்க.”

“இதை வங்கி எப்படி நம்புறது? திறந்த பெட்டகத்துக்குப் பக்கத்துல, சம்பந்தமில்லாத வெளியாள் ஒருத்தர், வங்கிக்குப் புரியாத மொழியில சாவிக்காரரோட பேசுறார். சாவிக்காரர் சிரிக்கிறார். சிரிக்கிற மாதிரி ரசத்துல என்ன இருக்கு?”

“சார், அவர் வெளியாள் இல்ல. என் வீட்டுக்காரர்,” என்றாள் சீதாலட்சுமி.

“வீட்டுக்கு அவர் வீட்டுக்காரர். பெட்டகத்துக்கு வெளியாள்.”

அன்று முதல் ராஜகுரு தன் படுக்கையறைக்குள் வர வேலை நேரத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. உள்ளே தமிழில்தான் பேச வேண்டும் என்றும் உத்தரவு. இருவரும் ஒரு நாள் முயன்று பார்த்தார்கள். கட்டிய மனைவியோடு தனியறையில் தமிழில் பேசினால் ராஜகுருவுக்குக் கடைக்கு வந்த வாடிக்கையாளரோடு பேசுகிற மாதிரியே இருந்தது. ‘வாங்க, போங்க’ என்று சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். மறுநாளிலிருந்து பேசாமலே தட்டை வைத்துவிட்டுப் போனான். சாப்பாட்டைவிட அந்தப் பேச்சுத்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. தட்டில் பாதியை அப்படியே ஒதுக்கி வைத்தாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அடுத்த வாரம் கைலாசநாதனே நேரில் வந்து இன்னொரு உத்தரவைச் சொன்னார்.

“விதிகளைப் புரட்டிப் பாத்ததுல ஒரு விஷயம் தெரியவந்ததும்மா. பெட்டகம் இருக்கிற அறை பெட்டக அறை. சாயங்காலம் பெட்டகத்தை மூடுனதும் அறையையும் பூட்டி அரக்கு முத்திரை வைக்கணும். உள்ள ஆள் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பொது மேலாளர் வந்து திட்டத்தைத் துவக்கி வைக்கிறார். அன்னிக்கே அமலுக்கு வருது.”

“அப்ப நான் எங்க சார் படுக்கிறது?”

“அடுப்படியில இடம் இருக்கு, பாத்தேன். காலைல இங்க வந்துரலாம், சாயங்காலம் அங்க போயிரலாம். நாலு எட்டுத்தானே?”

“எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க சார்.”

“டாக்டர் வங்கி விதிக்குக் கட்டுப்பட்டவர் இல்லம்மா. நாம கட்டுப்பட்டவங்க.”

அவர் போன பிறகு சீதாலட்சுமி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். முதலில் பயம் வந்தது. தினமும் இரண்டு தடவை எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், இரண்டு முறை பார்த்திருக்கிறாள். பயத்தின் பின்னாலேயே கோபம் வந்தது. இருந்த இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டதால் பயம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. ராஜகுருவைக் கூப்பிட்டு, வங்கிக்குப் புரியாத மொழியில், தான் எழுந்திருக்கப் போவதில்லை என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பொது மேலாளர் அனந்தபத்மநாபன் மாலையும் சால்வையும் புகைப்படக்காரருமாக வந்தார். படுக்கையறையில் அவர், கைலாசநாதன், விருமாண்டி, பெட்டகம் எல்லோருமாக நின்றபோது காற்றுப் போக வழியில்லை. பெட்டகத்துக்கு மாலை போட்டார்கள். பொது மேலாளர் பேசினார்.

“ஊழியர்கள் வீட்டை விட்டு வரவேண்டிய துன்பத்தை இன்றோடு ஒழிக்கிறோம். ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கணும்னா, அந்த வீட்டை முதல்ல ஆபீஸ் ஆக்கணும். ஆபீஸ் ஆகிவிட்ட பிறகு அங்கே குடியிருக்க முடியாது. குடியிருக்க முடியாததால் அவர் தினமும் வேறு இடத்திலிருந்து அங்கே வேலைக்கு வருவார். இந்த எளிமையான விஷயம் பெங்களூர்க்காரர்களுக்கே இன்னும் புரியவில்லை.”

கைலாசநாதன் கை தட்டினார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “வேலை நேரம் முடிஞ்சது. பெட்டகத்தைப் பூட்டலாம். விருமாண்டி, உன் சாவிய போடு. நீங்களும் போடுங்கம்மா, அறையைக் காலி பண்ணணும்,” என்றார்.

விருமாண்டி போட்டான். சீதாலட்சுமி சாவியைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

“நான் பூட்டல சார்.”

“கை எட்டலையா?”

“நல்லா எட்டுது. பூட்ட மாட்டேன்.”

கைலாசநாதன் தலையணைப் பக்கம் ஓர் அடி வைத்தார். “ஒருத்தர் சாவிய இன்னொருத்தர் தொடக் கூடாது சார்,” என்றாள் அவள். வைத்த அடியை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த விதியை எழுதியவரே அவர்தான்.

“வேலை போயிரும்மா,” என்றார் பொது மேலாளர், மெதுவாக.

“போகட்டும் சார். இப்பவே எழுதிக் குடுங்க. வேலை போயிட்டா நான் ஊழியர் இல்ல. ஊழியர் இல்லாத ஒரு பொம்பள கையில வங்கிச் சாவி இருக்கும், பெட்டகம் தொறந்து கெடக்கும், பொது மேலாளர் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருப்பார். அதையும் சேத்து எழுதுங்க.”

பொது மேலாளருக்கு அன்று மாலை பசுமலையில் ஒரு கல்யாண வரவேற்பு. நழுவிவிடலாம் என்று வாசல் பக்கம் திரும்பினார். அப்போது விருமாண்டி, சுவரைப் பார்த்தபடியே, வெகு பணிவாகச் சொன்னான்.

“சார், வேலை நேரம் முடிஞ்சும் பெட்டகம் மூடாம இருந்தா, உள்ள இருக்கிற அதிகாரி யாரும் அறைய விட்டுப் போகக் கூடாது. போனா சஸ்பெண்டு. கைலாசநாதன் சார் போட்ட விதிதான்.”

வாசல் படிக்கு வெளியே ஒரு காலை வைத்திருந்த பொது மேலாளர் அதை உள்ளே எடுத்தார். விதி தன்னைக் கட்டுப்படுத்தாது என்பதால் புகைப்படக்காரர் மட்டும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். உள்ளே இருந்தவர்களுக்கு வியர்த்தது. உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான், அதுவும் சுவரைப் பார்த்துக் கிடந்தது. பொது மேலாளர் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து சுவர் வெடிப்பைப் பார்த்தார்.

“உங்களுக்கு என்னதாம்மா வேணும்?” என்றார் கடைசியில்.

“இந்தப் பெட்டகத்த எடுத்துட்டுப் போங்க. ரூட்டர ஹால்ல ஷெல்ஃப் மேல வைங்க. வீட்டுல நாங்க எங்க பேச்சப் பேசுவோம். இந்த ரூம்ல நான் படுத்திருப்பேன், பிள்ளை பிறக்கிற வரைக்கும் வேலையும் பாப்பேன்.”

“ஷெல்ஃப் மேலயா? பாதுகாப்பு?” என்று கைலாசநாதன் பதறினார்.

“பாஸ்வேர்டு இருக்கு சார்.”

“அது எங்க இருக்கு?”

“என் தலைக்குள்ள.”

“உங்க தலைக்கு ரெண்டாவது சாவி யார்கிட்ட இருக்கு?”

“யார்கிட்டயும் இல்ல. இனிமேலும் இருக்காது.”

கல்யாண வரவேற்பில் இலை போட்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்திருக்க வேண்டும். பொது மேலாளர் நாற்காலியிலிருந்தபடியே அவள் கேட்டதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறை வாசலில் நின்றிருந்த ராஜகுரு அதை வாங்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, மனைவியைப் பார்த்துத் தலையாட்டினான். அதன் பிறகே சாவி தலையணைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ரூட்டரை எடுத்து ஹால் ஷெல்ஃப் மேல் வைத்துவிட்டுப் பெட்டகத்தைப் பூட்டினார்கள்.

பெட்டகத்தை இடம் மாற்ற அதிகாரிகள் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. அதனால் பொது மேலாளரும் சொத்துப் பாதுகாப்பு அதிகாரியும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மாலை போட்ட பெட்டகத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். தனி ஆளால் தூக்க முடியக் கூடாது என்ற தகுதி அதற்கு முழுமையாக இருந்தது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது.

வாசலைத் தாண்டியதும் பொது மேலாளர் மூச்சு வாங்க ஜன்னல் பக்கம் வந்தார். சட்டையெல்லாம் துரு. நாளைக்குப் பத்திரிகையில் ஏதாவது ஒரு படம் வந்தாக வேண்டுமே.

“அம்மா, ஒரே ஒரு போட்டோ. கேட் வரைக்கும் வந்துட்டுப் போயிருங்க. ஒரு நிமிஷம் எந்திரிச்சு நின்னாப் போதும்.”

“எந்திரிக்க மாட்டேன் சார்,” என்றாள் சீதாலட்சுமி. “எந்திரிக்காம இருக்கத்தான் இம்புட்டும்.”

பக்கத்தில் இப்போது கை நீட்டப் போதிய இடம் இருந்தது. அவள் இடப்பக்கம் திரும்பிப் படுத்து, லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினாள். ஹாலிலிருந்து ராஜகுரு சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டான். அவள் சத்தமாகவே பதில் சொன்னாள்.